அறியாதவன் பொறுப்பாளியா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் உம்ராவை நிறைவேற்றிவிட்டு ஊர் திரும்பியபோது, என் பெட்டியில் ஸம்ஸம் நீர் இருந்தது, பேரீச்சம்பழம் இருந்தது, அத்தர்க் குப்பிகள் நான்கும் சுர்மாச் சிமிழ்கள் இரண்டும் இருந்தன. அவற்றோடு, திரும்பும் வழியில் ஒரு வளைகுடா நகரத்துக் கடைவீதியில் வாங்கிய முகக்களிம்பு டப்பிகள் பன்னிரண்டும் இருந்தன. "ஊரில் பெண்பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள்" என்றார் கடைக்காரர். உடன் வந்தவர்கள் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். டப்பியின்மேல் வெளுத்த முகமுடைய மங்கை ஒருத்தியின் படம் இருந்தது. எனக்குப் படிக்க வராத எழுத்தில் ஏதோ அச்சிடப்பட்டிருந்தது. செய்தவர் பெயரோ ஊரோ அதில் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பேரீச்சம்பழத்தை மட்டும், ஒன்றை வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்த பின்பே வாங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்தில் இதே பெயரில் பேரூர் ஒன்று இருப்பதால், "சிமெண்டு ஆலை ஆலங்குளமா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வது வெளியூரார் வழக்கம். ஆம், இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் அருகே, 1970-இல் அரசு சிமெண்டு ஆலை வந்த ஆலங்குளந்தான். உம்ராவுக்குச் சென்று வந்தவரைக் காண உறவினர் வருவதும், வந்தவர்க்கு ஸம்ஸமும் பழமும் கொடுத்து, நெருங்கிய குடும்பங்களுக்கு ஏதேனும் அன்பளிப்பும் கொடுப்பதும் நம் குடும்பங்களில் நடப்பதுதான். ஆறு வீடுகளுக்கு இரண்டிரண்டு டப்பி கொடுத்தேன். அவற்றுள் ஒன்று என் தங்கை வீடு. அவள் மகளுக்கு அப்போது நிச்சயம் முடிந்திருந்தது. நிக்காஹுக்கு நான்கு மாதம் இருந்தது.

மூன்றாம் மாதம் அந்தப் பெண்ணின் கால்கள் வீங்கின. காலையில் கண்ணிமைகள் தடித்திருந்தன. இரத்தக் குறைவு என்றார்கள். உப்பைக் குறை என்றார்கள். பிறகு மதுரையில் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். சிறுநீரில் புரதம் அளவின்றி வெளியேறுகிறது என்று அவர் கண்டார். என்னென்ன மருந்து உட்கொள்கிறாய், நாட்டு மருந்து உண்டா, பற்பம் செந்தூரம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர், திடீரென்று, "முகத்திற்கு என்ன பூசுகிறாய்?" என்று கேட்டார். பெண் தலை குனிந்தாள். என் தங்கைதான் விடை சொன்னாள்: "வெளியில் வாங்கியது எதுவும் இல்லை டாக்டர். அண்ணன் உம்ராவுக்குப் போய்விட்டு வரும்போது கொண்டு வந்ததுதான்."

அந்தச் சொற்கள் என் காதில் இன்னும் இருக்கின்றன. கடையில் வாங்கியிருந்தால் அவள் ஐயுற்றிருப்பாள். நான் கொண்டு வந்ததால் ஐயுறவில்லை. ஸம்ஸம் வந்த பெட்டியிலேயே அதுவும் வந்தது.

இரத்தத்தில் பாதரசம் இருந்தது. களிம்பை நிறுத்தி, மருந்து உட்கொண்டு, ஏறத்தாழ எட்டு மாதங்களில் அவள் தேறிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். நிக்காஹ் தள்ளிப்போய்ப் பின்னர் நடந்தேறியது. ஆயினும் என் உள்ளத்தில் எழுந்த கேள்வி ஓயவில்லை. நான் அறியாமல் செய்தேன். அறியாமல் செய்தவன் பொறுப்பாளியா? இக்கேள்வி என் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று என்பதனால்தான் இதனை எழுத முற்பட்டேன்.

எங்கள் வீட்டில் நேர்ந்தது புதுமையானதும் அன்று. மலைத்தொடருக்கு அப்பால், கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கண்டு, ஆராய்ந்து, 'கிட்னி இண்டர்நேஷனல்' என்னும் மருத்துவ இதழில் 2024-இல் வெளியிட்டார்கள். 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகச் சவ்வைத் தாக்கும் ஒருவகை நோயுடன் வந்தோர் 22 பேர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அந்தப் பதினைவரில் 13 பேர், நிறத்தை வெளுப்பாக்கும் களிம்பைப் பூசி வந்ததாக ஒப்புக்கொண்டனர். களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் நலம் பெற்றனர். கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆப்பரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் கடைகளைச் சோதனையிட்டு, உரிமமும் முறையான முகவரிச் சீட்டும் இல்லாத அழகுப் பொருள்களைக் கைப்பற்றியது. மலப்புறம் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் மாவட்டம். வளைகுடாவுக்குச் சென்று வருவோர் மிகுந்த மாவட்டம். அங்கே நேர்வது நம் வீடுகளுக்கு வரப் பேருந்துப் பயணங்கூட வேண்டியதில்லை. விமானப் பயணியின் பெட்டியிலேயே வந்துவிடும்.

பாதரசம் ஏன் களிம்பில் சேர்க்கப்படுகிறது? தோலுக்கு நிறம் தரும் பொருளை உடலே உண்டாக்குகிறது. அதனை மெலனின் என்பர். அது உண்டாவதற்குத் துணைநிற்கும் நொதியைப் பாதரசம் தடுத்து விடுகிறது. ஆகவே சில வாரங்களிலேயே முகம் வெளுத்துத் தோன்றும். விலையோ மலிவு. பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும். சிலருக்கு முன்னினும் கறுக்கும். அதனால் நிறுத்த மனம் வராது. தோல் வழியே உள்ளே சென்ற பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. பூசியவளோடு அது நிற்பதுமில்லை. அவள் முகம் துடைத்த துண்டிலும் தலையணையிலும் ஒட்டியிருந்து, ஆவியாகி, அதே அறையில் உறங்கும் குழந்தையையும் சேரும்.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தை 1962-இல் திருத்தியபோதே நம் நாட்டில் அழகுப் பொருள்களும் அச்சட்டத்திற்குள் கொண்டு வரப்பட்டன. ஈயம், ஆர்சனிக் ஆகியவற்றின் கூட்டுப்பொருள்களை நிறமேற்றப் பயன்படுத்தலாகாது என்பது நீண்டகால விதி. 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணருகே இடுபவை தவிர்த்த பிறவற்றில், வேண்டுமென்று சேர்க்காமல் தற்செயலாகக் கலந்த பாதரசங்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-இல் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் முழு உறுப்பாயிற்று. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025-க்குள் அறவே ஒழிப்பதென்று அவ்வுடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி முடிவு செய்தன. ஆனால் இத்தனை விதிகளும் பெயரும் முகவரியும் உடையவனைத்தான் பிடிக்கும். பெயரில்லா டப்பியை யார் பிடிப்பது?

கேள்விக்கு வருவோம். அறியாமல் செய்த குற்றத்தைப் பற்றி நம் மார்க்கச் சட்ட நூல்கள் கூறுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதனை நான் இளமையில் ஓதியிருந்தும் இந்நிகழ்ச்சிக்குப் பிறகே உணர்ந்தேன். பாவம் வேறு, பொறுப்பு வேறு என்று ஃபிக்ஹு கலைஞர்கள் பிரிக்கிறார்கள். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கிவிட்டவன் கொலைகாரனின் பாவத்தைச் சுமப்பதில்லை. ஆனால் இறந்தவனின் குடும்பத்திற்கு ஈட்டுத்தொகை உண்டு; செய்தவனுக்குப் பரிகாரமும் உண்டு. திருமறை 'நிஸா' அத்தியாயத்தில் இதனைத் தெளிவாக்குகிறது. பிறர் பொருளை உறக்கத்தில் உருண்டு உடைத்தவனும் விலை கொடுக்கக் கடமைப்பட்டவன். 'ளமான்' என்று அரபியில் இதனைச் சொல்வார்கள். நம் பேச்சு வழக்கிலோ இவ்விரண்டையும் ஒன்றாக்கி விட்டோம். "தெரியாமல் நடந்துவிட்டது" என்ற ஒரு சொல்லால் பாவத்தையும் பொறுப்பையும் சேர்த்தே கழுவிக் கொள்கிறோம்.

மருத்துவம் கல்லாதவன் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் நஸயீயிலும் பதிவாகியிருக்கிறது. இதனை மருத்துவர்க்கு மட்டும் உரியதாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். இன்று பாருங்கள். சோப்பும் சீப்பும் வளையலும் விற்கும் ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர், "இதைப் பூசம்மா, ஒரே மாதத்தில் நிறம் வரும்" என்கிறார். தோலின் இயல்பை மாற்றும் பொருளைப் பரிந்துரைப்பது மருத்துவமன்றி வேறென்ன? அவர் கெட்டவரல்லர், தம் வீட்டுப் பெண்களுக்கும் அதனையே கொடுத்திருப்பார். நானும் அவ்வாறே செய்தேன். ஆறு வீடுகளுக்குக் கொடுத்தபோது, "நல்ல பொருள், பூசுங்கள்" என்று சொல்லியே கொடுத்தேன்.

இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவுகூர வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்டு, வணிகரைக் கண்டித்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். மேடைகளில் கலப்படத்திற்கு எதிராக இதனை எடுத்துக்காட்டாத பேச்சாளர் இலர். ஆனால் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த வணிகர் தண்ணீர் தெளிக்கவில்லை. மழை நனைத்தது என்று அவர் சொன்னார். அதனை நாயகம் அவர்கள் மறுக்கவுமில்லை. ஈரத்தை மேலே வைத்திருந்தால் மக்கள் கண்டிருப்பார்களே என்பதே கேள்வியாயிற்று. குறை அவர் உண்டாக்கியதன்று. வாங்குவோன் கண்ணுக்கு அதனைக் காட்டாதது மட்டுமே அவர் குற்றம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, படிக்க முடியாத எழுத்துடைய டப்பியை நோக்குவோமாக. அதில் ஈரமான தானியம் மேலேயுமில்லை, கீழேயுமில்லை. குவியலையே மூடி போட்டு முடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைவிட வெட்கம் வேறில்லை. சிமெண்டு மூட்டையில் செய்தவர் பெயர் இருக்கும். எந்தத் தரம் என்று இருக்கும். எந்த ஆண்டு எந்த வாரத்தில் பொதியப்பட்டது என்பதும் இருக்கும். பழைய மூட்டையைக் கொடுத்தால் எங்கள் கொத்தனார் திருப்பியனுப்பி விடுவார். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்திற்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தறியும் பாவும் ஓடுகிற எளிய தொழில்தான். ஆயினும் அத்துணியின் இழைக்கணக்குக்கும் எடைக்கும் அதே மருந்துச் சட்டத்தின் விதிகளில் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. புண்ணின்மேல் சுற்றும் துணி அது என்பதால்! வீட்டுச் சுவரில் பூசும் சிமெண்டுக்குப் பிறந்த வாரம் கேட்கிறோம். மகள் முகத்தில் பூசுவதற்குப் பிறந்த ஊர்கூடக் கேட்கவில்லை.

பெயருள்ள பொருள்களில் தீங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தைப் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். டால்க் என்னும் கனிமம் மண்ணுக்கடியில் கல்நார் இருக்கும் இடங்களுக்கு அருகிலும் கிடைப்பதால், அதில் கல்நார் கலந்ததா என்ற வழக்குகள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் தொடுக்கப்பட்டன. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் பவுடர் தீங்கற்றது என்றே வாதிட்டு வந்திருக்கிறது. எனினும் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகெங்கும் நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. 2024-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டால்க் 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது' என்னும் வரிசையில் அதனை வைத்தது. நம் நாட்டிலும் மகாராட்டிர அரசு 2022-இல் அந்நிறுவனத்தின் பவுடர் உரிமத்தை வேறொரு காரணத்திற்காக நீக்க, மும்பை உயர்நீதிமன்றம் 2023 சனவரியில் அவ்வாணையைத் தள்ளுபடி செய்தது. யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. பெயர் இருந்ததால் வழக்கு நடந்தது. முகவரி இருந்ததால் அரசு ஆணையிட்டது. ஆணை தவறென்று கருதியபோது நிறுவனமும் நீதிமன்றம் ஏற முடிந்தது. என் தங்கை மகள் யார்மீது வழக்குத் தொடுப்பாள்? அவள் அறிந்த ஒரே முகவரி என் வீட்டு முகவரி.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், சிலர் முகஞ்சுளிக்கலாம். அழகுப் பொருள் வாங்கும்போது நாமும் கேள்வி கேட்காமலில்லை. பன்றிக் கொழுப்பு உண்டா, மதுசாரம் உண்டா என்று கேட்கிறோம். கேட்பது கடமை, மறுப்பாரில்லை. ஆனால் அந்த இரண்டு கேள்விகளோடு நம் விசாரணை முடிந்து விடுகிறது. திருமறை உணவைப் பற்றிப் பேசுமிடத்தில் 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் இணைத்தே வழங்குகிறது. தூயது, நல்லது, தீங்கற்றது என்றெல்லாம் அதற்குப் பொருள் விரியும். பாதி ஆணையைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோமோ என்று அஞ்சுகிறேன். நான் வாங்கிய டப்பியில் பன்றிக் கொழுப்பு இல்லை என்று கடைக்காரர் உறுதி கூறியிருந்தார். அதைக் கேட்டு மனநிறைவோடு வாங்கியவன் நான்.

சுர்மாவைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். கண்ணுக்கு 'இத்மித்' இடுவதைப் பரிந்துரைக்கும் நபிமொழிகள் உண்டு. அஞ்சனக்கல் என்று தமிழில் வழங்கும் ஆண்டிமனிக் கல்லே இத்மித் என்று பெரும்பாலோர் கொள்வர். அதனைப் போலவே கறுத்து மின்னும் கல் இன்னொன்று உண்டு. அது ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலேனா. இரண்டையும் பொடித்தால் கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. கடைகளில் சுர்மா என்று விற்பவற்றைச் சோதித்தோர் பல வேளைகளில் கண்டது ஈயக் கல்லையே. குழந்தை கண்ணைக் கசக்கி விரலைச் சப்பும்போது அது வயிற்றுக்குள் செல்கிறது. சுர்மா இட்ட குழந்தைக்கு ஈய நஞ்சேறியதை இங்கிலாந்து மருத்துவ இதழ் 1968-இலேயே எழுதியது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்காத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது இன்றைய மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. பண்டை எகிப்தியரின் கண்மையிலிருந்த சில ஈய உப்புகள் மிகச் சிறிய அளவில் கண்ணின் எதிர்ப்பாற்றலைத் தூண்டக்கூடும் என்று 2010-இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அந்த அளவைக் கணக்கிட்டுத் தருவோர் நம் கடைவீதியில் யாருமிலர்.

என் பேரனுக்குச் சுர்மா இடுவதை நிறுத்தியபோது, ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், "ஸுன்னத்தையே விட்டுவிட்டீரா?" என்று வருந்திக் கேட்டார். "ஸுன்னத்தாக வந்தது இத்மித்; சிமிழில் இருப்பது இத்மித்தா என்று எனக்குத் தெரியாதே!" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் தெரியாதுதான்" என்றார். நேர்மையான மனிதர்.

மருதாணியிலும் இக்கதை நுழைந்துவிட்டது. இலையை அரைத்து இட்டு, இரவெல்லாம் கை நீட்டி உறங்கி, காலையில் சிவப்புக் கண்டு மகிழ்ந்தது நம் அன்னையர் காலம். இன்று சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கூம்புகள் விற்கின்றன. இலை அவ்வாறு கறுக்காது. தலைமுடிச் சாயத்தில் இடும் பாரா-ஃபினிலீன் டையமைன் என்னும் பொருளைக் கலந்தால்தான் பெரும்பாலும் அப்படிக் கறுக்கும். தோலில் நேராக இட்டால் சிலருக்குக் கொப்புளித்துப் புண்ணாகும்; அதன்பின் வாழ்நாள் முழுதும் அப்பொருள் ஒவ்வாது போகும்.

இவற்றையெல்லாம் தனிமனிதன் எப்படி அறிவான் என்று கேட்கலாம். ஒவ்வொருவரும் இரசாயனம் படிக்க இயலுமா? இயலாது, முன்னோரும் அதனை எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் முஸ்லிம் நகரங்களில் 'முஹ்தஸிப்' என்னும் கடைவீதிக் கண்காணிப்பாளர் இருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஷைஸரீ என்பார் அவருக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். அப்பம் சுடுவோர், இறைச்சி விற்போர் ஆகியோரோடு, மருந்துச் சரக்கு விற்போரையும் வாசனைப்பொருள் செய்வோரையும் கண் மருத்துவரையும் எவ்வாறு சோதிப்பது என்று அதில் தொழில் தொழிலாக வகுத்திருக்கிறார். கடைக்காரனின் தொழுகையைக் கண்டு அவன் சரக்கை நம்பிவிடும் வழக்கம் அந்த நூலில் இல்லை. இன்று அந்தப் பணி மருந்து ஆய்வாளருடையது. முறைப்படி விற்கும் பொருளில் செய்தவர் முகவரியும், உரிம எண்ணும், அயல்நாட்டுச் சரக்காயின் இறக்குமதிப் பதிவெண்ணும், சேர்ந்த பொருள்களின் பட்டியலும் இருக்க வேண்டும். இவற்றைப் பார்க்க இரசாயனம் வேண்டா, எழுத்தறிவு போதும். நான் பள்ளியாசிரியனாக முப்பது ஆண்டுகள் எழுத்தறிவித்தவன்.

எனவே "தெரியாது" என்பது இரண்டு வகைப்படும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்டும் விடை கிடைக்காத அறியாமை ஒன்று. கேட்கத் தோன்றாத அறியாமை மற்றொன்று. முன்னதற்கு மன்னிப்பு எளிது. பின்னதை வெறும் அறியாமை என்று சொல்லக் கூடாது. அதனுள்ளே ஒரு விருப்பம் ஒளிந்திருக்கிறது. என்ன விருப்பம்?

இதனை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. அந்தப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன பிறகு, "பெண் குணமானவள், ஓதியவள், சற்று நிறந்தான் மட்டு" என்று ஒரு சொல் வந்தது. அதனை அவள் காதுபடவே பெரியவர்கள் பேசினோம். ஒருவரும் தவறாக எண்ணவில்லை. நகை இத்தனை பவுன் என்று பேசிய அதே குரலில் நிறத்தையும் பேசினோம். அந்தப் பேச்சு என் நினைவில் இருந்ததனால்தான், கடைவீதியில் அந்த வெளுத்த முகத்தின் படம் என் கண்ணில் பட்டது. அதனால்தான் நான் டப்பியைத் திருப்பிப் பார்க்கவில்லை. கறுப்பரைவிட வெளுத்தவர்க்கு எந்த மேன்மையுமில்லை என்று இறுதிப் பேருரையில் அறிவித்த நபியின் உம்மத்து நாம். பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். பிலாலின் நிறத்தில் மருமகள் வந்தால் மட்டும் கூட ஐந்து பவுன் கேட்கிறோம்.

இந்த ஆசை நம் சமுதாயத்திற்கு மட்டும் உரியதன்று. நாற்பதாண்டுகளுக்கு மேலாக நாடு முழுதும் விற்பனையான களிம்பு ஒன்று, 2020-இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது, தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று வைத்துக்கொண்டது. அந்தக் களிம்பில் பாதரசம் உண்டென்று எவரும் எண்ண வேண்டா; நான் பேசுவது ஆசையைப் பற்றி. ஆயினும் பிறர்க்கும் உண்டு என்பது நமக்கு விடையாகாது. செய்தவன், விற்றவன், கொண்டு வந்தவன், கொடுத்தவன், நிறம் மட்டு என்று சொன்னவன் என்று பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டே போனால், கடைசியில் பங்கு கிடைக்காமல் நிற்பவள் அந்தப் பெண் ஒருத்திதான். துன்பம் முழுவதும் அவளுக்கே கிடைத்தது.

ளமான் என்னும் ஈட்டை நான் எவ்வாறு செலுத்துவது? மருத்துவச் செலவை ஏற்க முன்வந்தேன். பாதியை மட்டும் தங்கை ஏற்றுக்கொண்டாள். அவளிடமும் அவள் மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "மாமா தெரிந்தா செய்தீர்கள்?" என்று பெண் சொன்னாள். நான் மேலே எழுதியவற்றையெல்லாம் அவளிடம் எப்படி விளக்குவது? வாய் திறவாது வந்துவிட்டேன்.

எஞ்சிய ஐந்து வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகச் சென்றேன். உம்ரா அன்பளிப்பாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் போகும் மனிதனின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நான்கு வீடுகளில் கொடுத்துவிட்டார்கள். சிலர் நம்பினார்கள், சிலர், கொடுத்ததை வேறு யாருக்கோ கொடுக்கக் கேட்கிறேன் என்று எண்ணியதாகப் பின்னர் அறிந்தேன். ஐந்தாம் வீட்டில் மறுமாதம் நிக்காஹ். "கல்யாணம் முடியட்டும் அண்ணே, அப்புறம் தூக்கி எறிந்து விடுகிறோம்" என்றார் பெண்ணின் தாயார். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மதுரை மருத்துவர் கொடுத்த சீட்டைக்கூடக் காட்டினேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்கள்; டப்பியை எடுத்து வரவில்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம் மீண்டும் போனேன். இரண்டு டப்பியும் தீர்ந்திருந்தன. ஒன்றைக் கழுவி அதில் ஊசியும் பொத்தானும் போட்டு வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்தவை எட்டு டப்பிகள்; சில முழுதாகவும் சில பாதியாகவும். அவற்றை எங்கே எறிவது என்ற சிக்கல் அதன் பிறகே தோன்றியது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசக் கண்ணாடிச் சிதறல்கள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மக்கள் வெளிக்கொணர்ந்து, 2001-இல் அத்தொழிற்சாலையே மூடப்பட்டதும், மண்ணிலிருந்து அந்தப் பாதரசத்தை நீக்கும் பேச்சு அதன்பின் பல்லாண்டுகள் நீண்டதும் நான் செய்தித்தாள்களில் படித்தவை. அதனால் குப்பையில் போட மனம் வரவில்லை. கொல்லையில் புதைக்கலாமென்றால் கிணறு அருகில் இருக்கிறது. எரித்தால் ஆவியாகும். இரண்டு நெகிழிப் பைகளில் சுற்றி, பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றில் வைத்து மூடி, மேலே 'நஞ்சு, தொடாதே' என்று எழுதி ஒட்டிப் பரணில் ஏற்றியிருக்கிறேன். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடந்தான். ஆயினும் பேரன் வளர்ந்து வருகிறான். போன வாரம், "அதில் என்ன இருக்கிறது?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.